சொந்த மைதானத்து ஆட்டம்

நீதிமன்றம் அனுப்பும் ஆட்களுக்கு வேலை நேரம் குறித்துக் கொடுப்பது ஆறேழு வருடங்கள் என் பொறுப்பில் இருந்தது. ஜேர்மனியில் பல்கலைக்கழகம் உள்ள ஒரு நகரம் அது. பெயர் வேண்டாம், அங்கே இப்போதும் என்னைத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். நான் யாழ்ப்பாணத்தான். அறுபதுகளின் தொடக்கத்தில் கப்பலில் வேலை செய்து வந்து, துறைமுகத்தில் இறங்கி, இறங்கியபடியே நின்றுவிட்டவன். பள்ளிக்கூடம் எட்டாம் வகுப்போடு சரி. டொச் என்கிற ஜேர்மன் மொழியை மதுக்கடையிலும் பஸ் தரிப்பிடத்திலும் சனத்தின் வாயைப் பார்த்துப் பார்த்தே படித்தேன். நகரசபையின் தோட்டப் பிரிவில் மரக்கிளை வெட்டும் வேலை கிடைத்தது. ஒரு மாரிகாலம் கிளையொன்று விழுந்து முழங்கால் சில்லு நொறுங்கியதும், என்னைக் கந்தோரில் மேசை வேலைக்குக் கொண்டுவந்து இருத்தினார்கள். கையெழுத்து வடிவாக இருந்தபடியால் அட்டவணை எழுதுகிற வேலை தானாக என்னிடம் வந்து சேர்ந்தது.

குடித்துவிட்டு வாகனம் ஓட்டியவர், கடையில் களவெடுத்தவர், கைகலப்பில் இன்னொருவரின் பல்லை உடைத்தவர், இப்படியான ஆட்களுக்கு நீதிபதி சில மாதச் சிறையை விதிப்பார். பிறகு அந்தச் சிறையை நிறுத்தி வைத்து, அதற்குப் பதிலாக இத்தனை மணித்தியாலம் ஊருக்கு உழைத்துக் கொடு என்று சொல்லிவிடுவார். எழுபதுகளில்தான் பெரியவர்களுக்கும் இது அதிகமாக வரத் தொடங்கியது. ஆளுக்கு ஒரு அட்டை என் மேசைக்கு வரும். அதில் பெயர், தொழில், குற்றம், மணித்தியாலம், முடிக்க வேண்டிய கடைசி நாள் எல்லாம் இருக்கும். எந்த நாள், எத்தனை மணிக்கு, எந்த இடத்தில் என்பதை நிரப்புவது நான். வெள்ளிக்கிழமை மத்தியானம், அடுத்த வாரத்து அட்டவணையை வாசல் மதிலில் இருந்த கண்ணாடிப் பெட்டிக்குள் ஒட்டுவேன். வந்து பார்த்துக்கொள்வது அவர்கள் பாடு. தக்க காரணமில்லாமல் மூன்று தரம் வராமல் விட்டால் நான் நீதிமன்றத்துக்கு ஒரு கடிதம் எழுதுவேன். கடிதம் போனால் சிறைதான்.

எங்கள் தலைமைத் தோட்டக்காரரை எல்லாரும் ஷெஃப் என்றுதான் கூப்பிடுவோம். அங்கே முதலாளியையும் மேலாளரையும் அப்படித்தான் சொல்வார்கள். பெரிய வயிறு, சின்னக் குரல். நீதிமன்றத்து ஆட்களை அவர் 'எங்கள் விருந்தாளிகள்' என்பார். விருந்தாளிகளுக்கு அவர் ஒரு வழக்கம் வைத்திருந்தார். அதற்குப் பெயர் ஹைம்ஷ்பீல். உதைபந்தாட்டத்தில் ஒரு அணி தன் சொந்த மைதானத்தில் ஆடுகிற ஆட்டத்துக்குச் சொல்வது. ஒவ்வொரு விருந்தாளியும் தன் மணித்தியாலங்கள் முடிவதற்குள் ஒரு தடவையாவது தன்னைத் தெரிந்த சனம் பார்க்கிற இடத்தில், ஆரஞ்சு நிற மேலங்கியோடு வேலை செய்ய வேண்டும். அதுதான் ஆட்டம். மனைவியை அடித்த பாண் கடைக்காரர் சனிக்கிழமை காலையில் தன் கடை வாசலிலேயே தெருக் கூட்டினார். உள்ளே மனைவி பாண் விற்றுக்கொண்டிருந்தார், வரிசை வெளியே வரை நின்றது. வங்கிக் காசாளர் ஒருவர் தன் வங்கிக்கு முன்னால் இருந்த வேலியைக் கத்தரித்தார். ஆட்டம் இருக்கிற நாளில் எங்கள் வேலையாட்கள் தங்கள் பாண் சாப்பிடும் நேரத்தை மாற்றிக்கொண்டு எதிர்ப்பக்கத்தில் போய் இருப்பார்கள். நானும் நொண்டி நொண்டிப் போவேன். சிரித்தும் இருக்கிறேன்.

ஆனால் ஆட்டத்துக்கு இடம் எது என்று ஷெஃபுக்குத் தெரியாது. அட்டையில் தொழில் மட்டும்தான் இருக்கும். இடத்தைக் கண்டுபிடித்துக் கொடுப்பது என் வேலை.

எனக்குப் பேச்சென்றால் உயிர். ஒரு கோப்பை கோப்பியை ஊற்றி வைத்து, குளிர் எப்படி, வீட்டில் எல்லாரும் சுகமா என்று இரண்டு வார்த்தை கேட்டால் போதும், சனம் மடை திறந்தது போலக் கொட்டிவிடும். "என் மாவு நாலு மணிக்கு எழும்பும், நான் மூன்றரைக்கு எழும்பிவிடுவேன், அதை ஒருநாளும் காக்க வைத்ததில்லை" என்றார் பாண் கடைக்காரர். வங்கிக்காரர் தன் விரல்களை எனக்கு விரித்துக் காட்டி, "இவை காகிதத்தை மட்டும் அறிந்தவை, முள்ளைப் பற்றி இவற்றுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை" என்றார். இப்படியான பேச்சுகளை நான் விழுந்து விடாமல் வீட்டுக்குக் கொண்டுபோய், தனியே இருந்து திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்ப்பேன். அவ்வளவு ஆசை. அதே பேச்சுக்குள்ளிருந்துதான் எந்த வாசலில், எந்த மணிக்கு வைத்தால் ஒருவருக்கு அதிகம் நோகும் என்பதையும் பொறுக்கி எடுத்தேன். உன்னிடம் வாய் திறக்காதவன் இனித்தான் பிறக்க வேண்டும் என்பார் ஷெஃப். எனக்கு அது பெருமையாக இருந்தது.

ஒரு கோடைத் தொடக்கத்தில் வந்த அட்டை ஒன்றில் தமிழ்ப் பெயர் இருந்தது. தொழில்: ஆராய்ச்சியாளர், பல்கலைக்கழகம். பியர் திருவிழாவிலிருந்து காரை ஓட்டிக்கொண்டு வந்து, சைக்கிளில் போன ஒரு பெண்ணை இடித்திருந்தார். பெண்ணுக்கு இடுப்பெலும்பு முறிந்து போயிற்று. நூற்றியிருபது மணித்தியாலம், ஒக்டோபர் முடிவுக்குள்.

அந்த ஆளை எனக்குத் தெரியும். முந்திய வருடத் தீபாவளிக்கு, இந்தியாவிலிருந்து வந்து படிக்கிற, ஆராய்ச்சி செய்கிற தமிழர்கள் கொஞ்சப் பேர் மாணவர் விடுதியின் மண்டபத்தில் கூடினார்கள். இந்து, கிறிஸ்தவர், முஸ்லிம் எல்லாரும் சேர்ந்து சமைத்திருந்தார்கள். பஸ்ஸில் பழக்கமான ஒருவர் என்னையும் கூப்பிட்டார். பல மாதத்துக்குப் பிறகு தமிழ் கேட்கப் போகிறோம் என்று சப்பாத்துக்குப் பொலிஷ் போட்டுக்கொண்டு போனேன். இந்த ஆராய்ச்சிக்காரர்தான் எல்லாவற்றையும் முன்னின்று நடத்தினார். எந்த டிபார்ட்மெண்ட் என்று என்னைக் கேட்டார். நகரசபைத் தோட்டப் பிரிவு என்றேன். ஓ என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளிடம் திரும்பினார். சாப்பாடு முடிந்ததும் என் தோளில் மெல்லத் தட்டி, "சார், அந்த சேரெல்லாம் கொஞ்சம் அடுக்கி வச்சிடுறீங்களா? உங்களுக்கு இதெல்லாம் பழக்கம்தானே" என்றார். சிரித்துக்கொண்டு, மரியாதையாகத்தான் சொன்னார். அந்த மண்டபத்துக் கதிரைகள் முழுவதையும் உடைந்த முழங்காலோடு நான் ஒருவனாக அடுக்கினேன். மற்றவர்கள் சுற்றி நின்று பாட்டுப் பாடினார்கள்.

கந்தோருக்கு வந்தபோது அவர் என்னை அடையாளம் காணவில்லை. டொச்சில் தொடங்கியவர் என் பெயர்ப் பலகையைப் பார்த்துவிட்டு, "சார், நீங்க தமிழா? தேங்க் காட்" என்று கதிரையில் விழுந்தார்.

"ஓம். இருங்கோ. கோப்பி குடிக்கிறீங்களோ?" என்றேன்.

அவர் கேட்டது ஒன்றே ஒன்று. எங்கே வேண்டுமானாலும் போடுங்கள், பல்கலைக்கழகப் பக்கம் மட்டும் வேண்டாம் என்றார். நான் சரி என்று சொல்லி, நகரத்தின் மறு கோடியில் இருந்த சவக்காலையில், பெரும்பாலும் சனிக்கிழமைகளில், போட்டுக் கொடுத்தேன். புல் பிடுங்குவதும் இலை வாருவதும்தான். மத்தியானம் வேலை முடிந்து சைக்கிளில் கந்தோருக்கு வருவார். சார் என்றவர் மூன்றாம் கிழமை அண்ணே ஆகிவிட்டார். அவருடைய தமிழில் பாதி இங்கிலீஷ், என்னுடைய தமிழில் பாதி அவருக்கு விளங்காது, ஆனாலும் பேசிக்கொண்டே இருப்போம். நல்ல பேச்சுக்காரர். சவக்காலையில் ஒரு கிழவி தினமும் வந்து புருசனின் கல்லறையைத் திட்டிவிட்டுப் போவதை அவர் நடித்துக் காட்டியபோது வயிறு நோகச் சிரித்தேன்.

அந்தப் பேச்சுகளில் எல்லாவற்றையும் சொன்னார். வேலை உலோக ஆராய்ச்சிக் கட்டடத்தில். ஒப்பந்தம் ஒக்டோபரோடு முடிகிறது. பேராசிரியர் கையெழுத்து வைத்தால் இன்னும் மூன்று வருடம். கலியாணம் முடித்து ஏழு மாதம், மனைவி சென்னையில், அவர் வருவதற்கான பத்திரமெல்லாம் அந்தக் கையெழுத்துக்காகக் காத்துக் கிடக்கிறது. விபத்தைப் பற்றி அங்கே ஒருவருக்கும் தெரியாது. காரை விற்றுவிட்டு உடம்புக்கு நல்லது என்று சைக்கிள் ஓட்டுவதாகச் சொல்லி வைத்திருக்கிறார்.

"ப்ரொஃபசருக்கு மட்டும் தெரியவே கூடாது அண்ணே. லேபுக்கு ரெண்டு நிமிஷம் லேட்டா வந்தா அவர் நம்மளப் பார்க்க மாட்டார், கடிகாரத்தைத்தான் பார்ப்பார். அவ்ளோ ஸ்ட்ரிக்ட்."

இரண்டு தரம் அவர் வேலைக்கு வரவில்லை. ஒருமுறை ஸ்டுட்கார்ட்டில் ஏதோ கருத்தரங்கு. மற்றமுறை காய்ச்சல், வைத்தியரின் துண்டை நாலு நாள் பிந்திக் கொண்டுவந்தார். இரண்டையும் நான் கண்டும் காணாமல் விட்டிருக்கலாம். மற்ற ஆட்களுக்கு விட்டதும் உண்டு. அவருடைய அட்டையில் இரண்டையும் எழுதினேன். விதி எல்லாருக்கும் ஒன்றுதானே என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

செப்டெம்பர் முடிகிற நேரம் ஷெஃப் என் மேசையில் சாய்ந்துகொண்டு, உன் நாட்டுக்காரனுக்கு இன்னும் ஆட்டம் போடவில்லையே என்று கேட்டார். அவர் என் நாட்டுக்காரர் இல்லை, இடையில் கடல் இருக்கிறது என்றேன். ஷெஃபுக்கு அது ஒரு பொருட்டாகப் படவில்லை. பல்கலைக்கழகத்துக்கு நகரம் முழுவதும் கட்டடங்கள் இருந்தன. நூலகம் என்று நான் ஒரு சொல் சொல்லியிருந்தால் ஆராய்ச்சிக்காரர் அந்த வாசலில் ஒரு மணித்தியாலம் புல் பிடுங்கிவிட்டு, ஒருவரும் அறியாமல், வீட்டுக்குப் போயிருப்பார். வெள்ளிக்கிழமை சொல்கிறேன் என்றேன்.

வியாழக்கிழமை, வேலை இல்லாத நாளிலும், அவர் வந்தார். மனைவி அனுப்பிய முறுக்கு கொண்டுவந்திருந்தார். தின்றுகொண்டே, போன வருடத் தீபாவளி மண்டபத்தில் நல்லாய் நடந்ததாமே என்று பேச்சைத் தொடங்கினேன். அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஆமா அண்ணே, சூப்பரா இருந்தது. நீங்களும் வந்திருக்கலாம். சிலோன்காரர் ஒருத்தர்கூட வந்திருந்தார். பாவம், லேபர் டைப். நல்ல மனுஷன், சொன்னவுடனே சேரெல்லாம் அவரே அடுக்கிட்டார்."

இன்னொரு முறுக்கை எடுத்து எனக்கு நீட்டினார். வாங்கித் தின்றேன்.

அடுத்த நாள் காலை ஷெஃப் கேட்கும் முன்னமே இடத்தைச் சொன்னேன். உலோக ஆராய்ச்சிக் கட்டடம், முன்வாசல், படிக்கு இரண்டு பக்கமும் உள்ள றோஜாப் பாத்தி. வியாழக்கிழமை பதினொன்றிலிருந்து ஒன்று வரை. பன்னிரண்டுக்கு எல்லாரும் அந்தப் படியால்தான் சாப்பாட்டுக்கு இறங்குவார்கள் என்பதையும் சொன்னேன். அதுவும் ஆராய்ச்சிக்காரர் எனக்குச் சொன்னதுதான். அவர் கதிரைக் கதையை வேறு மாதிரிச் சொல்லியிருந்தால், அல்லது என் முகத்தை ஞாபகம் வைத்திருந்தால், நூலகம் என்று எழுதியிருப்பேன் என்று பல காலம் நம்பிக்கொண்டிருந்தேன். இப்போது அவ்வளவு நிச்சயமாகச் சொல்ல மாட்டேன்.

பெட்டியில் ஒட்டி அரை மணித்தியாலத்தில் அவர் உள்ளே வந்தார். கதவைச் சாத்தினார். இருக்கச் சொன்னேன், இருக்கவில்லை.

"அண்ணே, வியாழக்கிழமைய மாத்துங்க. ஏதோ தப்பா விழுந்திருக்கு."

"பிழையில்லை. பெட்டிக்குள்ளை போட்டாச்சு. இனி மாத்த ஏலாது."

"வேற எங்க வேணும்னாலும் போடுங்க. கக்கூஸ் கழுவணுமா, கழுவுறேன். டபுள் அவர்ஸ் பண்றேன். ப்ளீஸ் அண்ணே."

"வராமல் விட்டால் அது மூண்டாவது தரம். நான் கடிதம் எழுத வேண்டி வரும். உங்களுக்குத் தெரியும்தானே."

கண்ணாடிப் பெட்டி இருந்த பக்கத்துச் சுவரை அவர் திரும்பிப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, கணக்குச் செய்து பார்க்கிறவர் போல ஒவ்வொன்றாகச் சொன்னார்.

"கார்டுல யூனிவர்சிட்டின்னு மட்டும்தான் இருக்கு. எந்த பில்டிங்னு இல்ல. பன்னெண்டு மணின்னும் இல்ல. நான் உங்ககிட்ட மட்டும்தானே சொன்னேன்."

நான் கோப்பிச் சட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அது ஏற்கெனவே துடைத்த சட்டி.

"வியாழக்கிழமை வரேன் சார்" என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு நான் அவருக்கு அண்ணன் இல்லை.

வியாழக்கிழமை வெயில் நன்றாக எறித்தது. ஷெஃப், வேலையாட்கள் நாலு பேர், நான், ஆறு பேரும் கட்டடத்துக்கு எதிரே இருந்த குட்டை மதிலில் வரிசையாக இருந்தோம். பாண், இறைச்சி, பிளாஸ்கில் கோப்பி. அவர் கம்பளித் தொப்பியொன்றைப் புருவம் வரை இழுத்துவிட்டுக்கொண்டு வந்தார். ஷெஃப் தன் சின்னக் குரலில், வேலை உடுப்பில் தொப்பி இல்லை என்றார். அவர் கழற்றிச் சட்டைப் பைக்குள் வைத்தார். மேலங்கியை மாட்டிக்கொண்டு, கைமண்வெட்டியோடு பாத்திக்குள் முழங்காலில் இறங்கினார். கட்டடத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வேலை செய்தார். ஷெஃப் மதிலில் இருந்தபடியே விரலைச் சுழற்றிக் காட்டினார். அவர் மற்றப் பக்கம் திரும்பினார்.

பன்னிரண்டுக்குக் கதவு திறந்தது. முதலில் மாணவர்கள் இரண்டிரண்டு பேராக வந்தார்கள். பிறகு வெள்ளை மேலங்கியோடு இரண்டு பெண்கள். ஒருவன் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு இறங்கினான். நெற்றியில் மச்சம் இருந்தபடியால் அவன்தான் இவருடைய பக்கத்து மேசைக்காரன் என்று கண்டுகொண்டேன், ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் சேர்ந்து சதுரங்கம் ஆடுவதாக அவனைப் பற்றி எனக்கு எவ்வளவோ சொல்லியிருந்தார். சைக்கிள் சில்லு அவருடைய தோளில் உரசியது. கவனம் என்று சொல்லிவிட்டு அவன் போய்விட்டான். குனிந்து பார்க்கக்கூட இல்லை.

அதற்குப் பிறகு பேராசிரியர் வந்தார். உயரமான, நரைத்த மனிதர். மூன்றாம் படியில் நின்றார். மதிலில் நாங்கள் மெல்லுவதை நிறுத்தினோம். அவர் பாத்தியைப் பார்த்தார், பாத்திக்குள் முழங்காலில் இருந்த ஆளைப் பார்த்தார். இடது பக்கத்தில் சிகரெட் துண்டுகள் கிடக்கின்றன, தயவுசெய்து அவற்றையும் எடுத்துவிடுங்கள் என்றார். குரலில் ஒரு குறையும் இல்லை, மிகவும் மரியாதை. சொல்லிவிட்டு நடந்தார்.

ஆராய்ச்சிக்காரர் இடது பக்கம் நகர்ந்து சிகரெட் துண்டுகளைப் பொறுக்கத் தொடங்கினார். ஒன்று, இரண்டு, மூன்று. ஷெஃப் பாணைக் கீழே வைத்துவிட்டு, கோல் ஒன்றும் இல்லை, ஆட்டம் சமன் என்று அறிவித்தார். ஆட்கள் சிரித்தார்கள். எனக்கும் மூச்சு வந்தது. தப்பிவிட்டார், இனி நான் அவ்வளவு பெரிய பாவி இல்லை என்று நினைத்தது ஞாபகம் இருக்கிறது.

அப்போதுதான் அவர் எழும்பினார். கையில் சிகரெட் துண்டுகள், முழங்காலில் மண். ஹெர் ப்ரொஃபசர் என்று உரத்துக் கூப்பிட்டார். பத்துப் பதினைந்து அடி போய்விட்ட பேராசிரியர் திரும்பினார், இன்னும் விளங்காத முகத்தோடு நின்றார். ஆராய்ச்சிக்காரர் அவரிடம் நடந்து போய், தொலைபேசியில் தெரியாத ஆளுக்குச் சொல்வதுபோல, தன் முழுப் பெயரையும் விட்டு விட்டுச் சொன்னார். பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றினார். திரும்பப் போட்டார். பிறகு அவர்கள் பேசியது மதிலுக்குக் கேட்கவில்லை. முடிவில் பேராசிரியர் அவருடைய மண் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுச் சாப்பாட்டுக்குப் போனார்.

ஒரே ஒரு கோலில் சொந்த அணி தோற்றுவிட்டது, அதுவும் தானே அடித்துக்கொண்ட கோல் என்றார் ஷெஃப்.

மேலங்கியைத் திருப்பிக் கொடுக்க அவர் கந்தோருக்கு வந்தார். எனக்கு வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. "அவர் போயிட்டாரே. ஏன் கூப்பிட்டனீங்கள்?" என்று கேட்டேன்.

மேலங்கியை நாலாக மடித்து மேசையில் வைத்தார்.

"நாலு வருஷம் சார். அவர் புக்குக்கு ராத்திரி பகலா கிராஃப் போட்டுக் கொடுத்திருக்கேன். அவர் பொண்ணு கல்யாணத்துக்குப் போயிருக்கேன். துண்டைப் பொறுக்குன்னுட்டுப் போறார். பேசாம பொறுக்கிக்கிட்டே இருக்கச் சொல்றீங்களா?"

பதிலுக்குக் காத்திராமல் போய்விட்டார்.

அடுத்த வாரம் பேராசிரியர் அவரைக் கூப்பிட்டு, நவம்பரிலிருந்து இடம் இல்லை என்று சொன்னாராம். குற்றத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நல்ல சான்றிதழ் ஒன்று எழுதிக் கொடுத்தார், எஞ்சிய லீவு நாட்களை இப்போதே எடுத்துக்கொள்ளலாம் என்றார். மனைவியின் பத்திரங்கள் நின்று போயின. இதெல்லாம் பஸ்ஸில் பழக்கமான அந்த மனிதர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவருக்கு என்னுடைய பங்கு தெரியாது, கேட்டுவிட்டு ஐயோ பாவம் என்று நானும் சேர்ந்து சொன்னேன்.

வெள்ளிக்கிழமை, அட்டவணை ஒட்டுவதற்கு முன்னமே, ஆராய்ச்சிக்காரர் கந்தோர் வாசலில் வந்து நின்றார். நாற்பத்திரண்டு மணித்தியாலம் மிச்சம் இருந்தது. முகம் வழித்து, துப்புரவாகத்தான் இருந்தார். கோப்பி ஊற்றினேன், தொடவில்லை.

"இனிமே எந்த நாள் வேணும்னாலும் போடலாம் சார். எந்த இடத்துல வேணும்னாலும் போடலாம்."

முன்பெல்லாம் அவருக்கு ஒரு நாள் கண்டுபிடிக்க நான் மற்றவர்களின் அட்டைகளை இடம் மாற்றி மாற்றி அடுக்க வேண்டியிருந்தது. ஆய்வுகூடம் இருக்கிற நாள், கருத்தரங்கு நாள், பேராசிரியர் நடந்து போகிற தெரு என்று எத்தனையோ பார்த்தேன். அன்று ஒன்றையும் பார்க்கவில்லை. திங்கள் முதல் சனி வரை, நாளுக்கு ஏழு மணித்தியாலம். சந்தைச் சதுக்கம், புகையிரத நிலையம், நூலகம், ஆற்றங்கரை, சதுக்கம், நிலையம் என்று கை போன போக்கில் நிரப்பினேன். கணக்கு மிச்சமில்லாமல் பொருந்தி வந்தது. அவ்வளவு சுலபமாக ஒருவருடைய வாரத்தை நான் அதற்கு முன் எழுதியதில்லை.